மனச்சோர்வு மாத்திரையும் கூடும் எடையும்: சீட்டில் எழுத வேண்டிய எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் மனச்சோர்வு சிகிச்சை பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவிளைவு என்று வந்த இடத்தில், பசி கூடி எடை ஏறலாம், மருத்துவரைக் கேளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியும், மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். தூக்கம் வந்தாயிற்று, அழுகை நின்றாயிற்று, மறுபடி வேலைக்கும் போகத் தொடங்கியாயிற்று. மூன்றாவது மாதம் ஜாக்கெட் பிடிக்கிறது, பேன்ட் பட்டன் போட முடியவில்லை. கல்யாண வீட்டில் யாரோ ஒருவர், "என்ன, இப்படி உடம்பு போட்டுட்டே?" என்கிறார். அடுத்த வாரம் மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. மருத்துவர் கேட்டால், "சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன் சார்." அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்து எழுத இடம் தர வேண்டுகிறேன்.

முதல் வேலை எடை பார்ப்பது. முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே, விட்டுப்போனால் அந்த வாரத்துக்குள், எடையையும் வயிற்றுச் சுற்றளவையும் எடுத்து ஓ.பி. சீட்டில் தேதியோடு குறித்துவிட வேண்டும். இந்த எண் இல்லாவிட்டால் பிறகு நடக்கும் பேச்செல்லாம் "கொஞ்சம் வெயிட் போட்ட மாதிரி இருக்கு சார்" என்ற அளவிலேயே நின்றுபோகும். அதை வைத்து எந்த மருத்துவரும் மருந்தை மாற்ற முடியாது. அதன்பின் வாரம் ஒருமுறை போதும். அதே கிழமை, அதே தராசு, காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். தினமும் ஏறி நின்று பார்ப்பது வேண்டாம். முதல் நாள் ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டிருந்தாலே மறுநாள் தண்ணீர் தேங்கி ஒரு கிலோ கூடத் தெரியும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. வயிற்றுச் சுற்றளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடித்த நிலையில் எடுக்க வேண்டும். நம் நாட்டவர்க்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உடல் எடைக் குறியீடு (கிலோ எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல்பருமன். மேலைநாட்டு அட்டவணைகளில் இருக்கும் 25, 30 நமக்குப் பொருந்தாது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது 59 கிலோ, 64 கிலோ என்று வரும்.

தொடக்க எடை தேவை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனச்சோர்வில் சாப்பாடே இறங்காமல் ஆறு ஏழு கிலோ இளைத்துப்போனவருக்கு, மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பசி திரும்பி நான்கு கிலோ ஏறினால் அது குணமாவதன் அடையாளம். நோய்க்கு முன் இருந்த எடை என்ன என்பதையும் கேட்டு எழுதிவைத்தால்தான் இது விளங்கும். மாறாக, மனச்சோர்வின் ஒரு வகையில் நோயே அதிகமாகச் சாப்பிடவும் அதிகமாகத் தூங்கவும் வைக்கும். அங்கே பழியெல்லாம் மாத்திரையின் தலையில் விழுந்துவிடுகிறது.

எல்லா மாத்திரையும் ஒன்றுபோல எடை ஏற்றுவதில்லை. பசியைக் கிளப்புவதில் முன்னால் நிற்பது மிர்டாசபின். அடுத்து அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகைகள்; ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் 10 மி.கி., 25 மி.கி. என்று எழுதிக் கொடுப்பதும் இதே மாத்திரைதான் என்பதால், மனச்சோர்வே இல்லாதவர்களும் இந்தப் பட்டியலில் வந்துவிடுகிறார்கள். இப்போது அதிகம் எழுதப்படும் வகையில் பராக்ஸெடின் நாள்பட எடை கூட்டும். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் இரண்டிலும் முதல் சில வாரம் பசி குறைந்துகூடப் போகலாம்; பிறகு மெதுவாக ஏறும். ஃப்ளூவாக்ஸெடின் பெரும்பாலும் எடையைத் தொடாது. பூப்ரோப்பியானில் கொஞ்சம் குறையும்.

எவ்வளவு ஏறும்? அமெரிக்காவில் ஏறத்தாழ 1,83,000 பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு எட்டு மருந்துகளை ஒப்பிட்டது. ஆறு மாத முடிவில் செர்ட்ரலின் எடுத்தவர்களைவிட எஸ்சிடலோபிராம் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 0.41 கிலோ அதிகம், பராக்ஸெடினுக்கு 0.37 கிலோ அதிகம், பூப்ரோப்பியானுக்கு 0.22 கிலோ குறைவு. பலர் பயப்படும் அளவுக்கு இது பெரிய எண் இல்லை. ஆனால் சராசரி என்பது ஏமாற்றும். பலருக்கு ஒன்றும் ஆகாமல், சிலருக்கு ஐந்து கிலோ ஏறியும் இதே சராசரி வரும். பிரிட்டனில் 2,94,719 பேரைப் பத்தாண்டுப் பதிவுகளில் பின்தொடர்ந்து 2018இல் வந்த ஆய்வில், உடல் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ கூடுவது மாத்திரை எடுப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 11.2, எடுக்காதவர்களில் 8.1. கவனிக்க வேண்டியது, அந்த அபாயம் சிகிச்சையின் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் உச்சத்தில் இருந்தது. முதல் ஆறு மாதம் எடை பார்த்துவிட்டு, ஒன்றும் ஏறவில்லை என்று விட்டுவிடக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. மிர்டாசபினுக்கு அமெரிக்க மருந்துக் குறிப்பில் பசி கூடியதாகச் சொன்னவர்கள் 17 சதவீதம் என்று இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 2 சதவீதம். அதாவது மிர்டாசபினிலும்கூடப் பெரும்பாலானவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கலாம். ஃப்ளூவாக்ஸெடினோடு, தீவிர மனநோய்க்குத் தரும் ஒலான்ஸபின் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு "ஃப்ளூவாக்ஸெடின் எடை கூட்டிவிட்டது" என்று சொல்வதில் பொருளில்லை. எடை கூட்டுவதில் ஒலான்ஸபின் இங்கே சொன்ன மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும். தூக்கத்துக்கென்று சேர்த்த குவெட்டியாபின், மனநிலை சீராக இருக்கக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட், லித்தியம் எல்லாம் எடை ஏற்றுபவைதான். மூட்டுவலிக்கு எங்கோ வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பசி ஏன் கூடுகிறது என்று தெரிந்தால் பாதிக் குற்ற உணர்வு போய்விடும். மூளையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் விழிப்பையும், "போதும்" என்ற நிறைவையும் தருவதில் பங்கெடுக்கிறது. செரோடோனின் என்ற இன்னொரு வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகையும் அந்த நிறைவைத் தருவதில் பங்கெடுக்கிறது. மிர்டாசபின் இந்த இரண்டின் வேலையையும் தடுத்துவிடுகிறது. சாப்பிடாத பிள்ளைகளுக்குப் பசி எடுக்கக் கொடுக்கிறார்களே, சைப்ரோஹெப்டடின் சிரப், அதுவும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஆகவே நாலு இட்லி சாப்பிட்டும் வயிறு நிறைந்ததாகத் தோன்றாதது வாய்க்கட்டுப்பாடு இல்லாததால் வருவது இல்லை. நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை தாமதமாக வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. அதனால் "பசி அடங்கும்வரை சாப்பிடு" என்ற பழைய கணக்கு இந்த மாத்திரை எடுக்கும்போது உதவாது. எவ்வளவு சாப்பிடுவது என்பதைத் தட்டில் போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

இந்தப் பசிக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, இனிப்பும் மாவுப் பண்டமும் கேட்கும். இரண்டு, இரவில் கேட்கும். தூக்கம் தரும் மாத்திரையை இரவு எட்டு மணிக்குப் போட்டுவிட்டு, டி.வி. பார்த்துக்கொண்டு பதினொன்று வரை உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று மணி நேரத்தில்தான் முறுக்கு டப்பா காலியாகும். வழி எளிது. ஏழரை மணிக்குச் சாப்பாட்டை முடித்து, பல் துலக்கி, தூங்க நினைக்கும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் மாத்திரை. போட்டதும் படுக்கை. பசியும் தூக்கமும் ஒன்றாகத்தான் வரும். தூக்கத்தை ஜெயிக்க விடுங்கள். மருத்துவர் நேரம் குறித்திருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். காலையில் மயக்கம் தெளியாமல் சிற்றுண்டியை விட்டு, மதியம் அரைகுறையாகக் கொறித்து, ராத்திரி மொத்தத்தையும் சேர்த்துச் சாப்பிடுவது இன்னொரு வழக்கம். காலை ஒன்பதுக்குள் ஏதாவது சாப்பிட்டவருக்கு இரவுப் பசி குறையலாம்.

ஒரு எச்சரிக்கை. காலையில் எழுந்தால் அடுக்களையில் பிஸ்கட் உறை கிடக்கிறது, சாப்பிட்ட ஞாபகமே இல்லை என்றால் அது சாதாரணப் பசி கிடையாது. தூக்கத்துக்குச் சேர்த்துத் தரும் ஸோல்பிடெம் போன்ற மாத்திரையில் தூக்கத்திலேயே எழுந்து நடப்பதும் சாப்பிடுவதும் நேர்வதுண்டு. அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் படுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அடுக்களை. டயட் சார்ட் என்று அச்சடித்துத் தரும் தாளில் ஓட்ஸ், புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் இருக்கும். அது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டு அங்கேயே மஞ்சளாகிப்போகும். நம் வீட்டில் எடை ஏறுவது மூன்று இடத்தில்: டீ, எண்ணெய், சாயங்காலத் தீனி. நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் நாற்பது கிராம், 160 கலோரி. மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம் சீனி, ஒருவருக்கு மட்டும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதற்கு மாறினாலும் கலோரிக் கணக்கு ஏறக்குறைய அதேதான். இரண்டு கரண்டியை ஒன்றாக்கி, இரண்டு வாரம் கழித்து அரையாக்கினால் நாக்கு பழகிக்கொள்ளும். ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாவது நாள் இனிப்பு பன் வாங்கத் தோன்றும். கால் லிட்டர் கலர் பானத்தில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. இளைத்த உடம்புக்குத் தெம்பு என்று வாங்கிவைத்த சத்து மாவு பானத்தின் உறையில் சர்க்கரை அளவைப் பாருங்கள். எடை ஏறத் தொடங்கியதும் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

எண்ணெய்க்கு அடுப்படியில் அளக்க வேண்டாம், மளிகைச் சீட்டில் அளக்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு 33 மி.லி., 270 கலோரிக்கு மேல். இரண்டு லிட்டராக்கினால் 17 மி.லி. சட்டியில் ஊற்றும்போது கை அளவு எப்போதும் தப்பும். மாதம் இவ்வளவுதான் என்று வாங்கி வைத்தால் தப்பாது.

சாயங்காலம் நாலரை முதல் ஆறரை வரை கடினமான நேரம். அந்த நேரத்தில் சாப்பிடாதே என்று சொல்வதால் பயனில்லை, சாப்பிட வேறு இருக்க வேண்டும். ஐம்பது கிராம் மிக்சர் என்பது ஒரு கைப்பிடியும் கொஞ்சமும்தான்; 250 கலோரியைத் தாண்டும், பத்து நிமிடத்தில் மறுபடி கை டப்பாவுக்குப் போகும். ஒருவருக்கு நாற்பது கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் உப்புப் போட்டு வேகவைத்து எடுத்துவைத்தால் ஒரு கிண்ணம், நூறு கிராம் அளவுக்கு வரும். சாயங்காலம் அரைத் தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வரமிளகாய் தாளித்து, தேங்காய் ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, வெள்ளரியோ மாங்காயோ பொடியாக நறுக்கிப் போட்டால் மொத்தம் 200 கலோரிக்கு அருகில்தான். மென்று சாப்பிட கால் மணி நேரம் ஆகும். பசி ராத்திரிச் சாப்பாடு வரை தாங்கும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு என்று மாற்றிக்கொள்ளலாம். வேகவைத்த முட்டை ஒன்று எழுபது எண்பது கலோரிதான். வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் முப்பது கிராமோடு எழுந்துவிட வேண்டும். பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சரிவராது.

சோறும் அப்படித்தான். சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகுக்கும் நூறு கிராம் அரிசிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்து கூடுதல், அவ்வளவுதான். எந்தத் தானியமானாலும் ஒரே கிண்ணத்தால் அளந்து போட்டு, பாத்திரத்தை மேசையில் வைக்காமல் அடுக்களையிலேயே விட்டுவிட வேண்டும். முதலில் காய், பிறகு பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினால் சோறு தானாகக் குறையும். அறுபது கிலோ உள்ளவருக்கு நாளைக்கு ஐம்பது அறுபது கிராம் புரதம் வேண்டும்; இட்லி, சாதம், ரசம் என்று போகும் நாளில் அதில் பாதிகூடச் சேராது. குறிப்பாகக் காலைச் சாப்பாட்டில் புரதம் இல்லாவிட்டால் பதினொரு மணிக்கே கை நடுங்குவதுபோல் பசிக்கும்.

அமிட்ரிப்டிலின் வகையில் வாய் உலரும். அதைத் தாகம் என்று நினைத்து ஜூஸ், குளிர்பானம் என்று குடிப்பவர்கள் பசி கூடாமலேயே எடை கூடுகிறார்கள், பல்லும் சொத்தையாகிறது. நீர்மோர், சீரகத் தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங்கம் போதும். அதற்காக நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் இளைக்கலாம் என்பதையும் நம்பாதீர்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற செரோடோனின் சார்ந்த மாத்திரைகள் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைப்பதுண்டு. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். லித்தியம் எடுப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு மாதிரி. உணவில் உப்பைத் திடீரென்று வெட்டினாலோ, பட்டினி கிடந்து உடம்பில் நீர் வற்றினாலோ ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி நஞ்சாகும். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல் ஆகியவை அதன் தொடக்கம். அவர்கள் எந்த உணவுக் கட்டுப்பாட்டையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

நடைப்பயிற்சி பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், ஆகவே சுருக்கமாக. வாரம் 150 நிமிடம் என்ற கணக்கு சரிதான். ஆனால் மனச்சோர்வில் இருப்பவரிடம் காலை ஐந்தரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் நட என்றால் நடக்காது, நடக்க முடியாமல்போன குற்ற உணர்வு வேறு சேரும். மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்து நிமிடம், மொட்டை மாடியிலோ தெருவிலோ, போதும். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையும் இதில் இறங்கும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது என்று தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். தசை குறைந்துகொண்டே எடை இறங்குவது நல்லதில்லை.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பல வீடுகளில் ஒரே வாய் இரண்டையும் சொல்கிறது. மதியம், "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ, மாத்திரை சாப்பிடுற உடம்பு." மாலையில், "பாரு, எப்படிப் பெருத்துட்டே." இரண்டையும் நிறுத்தினால் போதும். தீனி டப்பாவை அவர் கண்ணில் படாமல் வைப்பதைவிட, வீடு மொத்தமும் அந்த மாதம் அதை வாங்காமல் இருப்பது சுலபம்.

இப்போது மருத்துவரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். தொடக்க எடையில் 5 சதவீதம் கூடினால், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ கூடினால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் போக வேண்டும். முதல் மாதத்திலேயே இரண்டு கிலோ ஏறினாலும் சொல்லிவிடுவது நல்லது. தொடக்கத்தில் வேகமாக ஏறுபவர்களுக்குத்தான் பின்னாலும் அதிகம் ஏறும். ஏறிய பத்து கிலோவை இறக்குவதைவிட மூன்றாவது கிலோவில் நிறுத்துவது எளிது. "வெயிட் போடுது" என்பதோடு நிறுத்தாமல், தேதியும் எடையும் எழுதிய சீட்டைக் காட்டி, பசி எந்த நேரத்தில் வருகிறது, காலையில் எவ்வளவு நேரம் தூக்கம் தெளியவில்லை, மனநிலை எவ்வளவு தேறியிருக்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். மருத்துவர் கையில் பல வழிகள் உண்டு: நேரத்தை மாற்றலாம், டோஸை மாற்றலாம், தூக்கத்துக்கென்று சேர்த்த இரண்டாவது மாத்திரையை எடுத்துவிடலாம், வேறு மருந்துக்கு மெதுவாக மாற்றலாம், சிலருக்குச் சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் சேர்க்கலாம். மெட்ஃபார்மினுக்குச் சான்று அதிகம் இருப்பது ஒலான்ஸபின் போன்ற மருந்துகளால் ஏறிய எடைக்குத்தான். மருந்துக் கடையில் சொந்தமாக வாங்கிப் போடும் பொருள் அது இல்லை.

"எடை குறைக்கும் மாத்திரை இருக்கிறதாமே, அதையே கொடுங்கள்" என்று பூப்ரோப்பியானைக் கேட்பவர்கள் இப்போது அதிகம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும், குடியைத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கும் வலிப்பு வரும் அபாயம் இருப்பதால் கொடுப்பதில்லை. பதற்றமும் தூக்கமின்மையும் கூடலாம், ரத்த அழுத்தமும் ஏறலாம். இவ்வளவையும் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். மூன்று மருந்து மாற்றியும் கேட்காத மனச்சோர்வு மிர்டாசபினில் அடங்கியிருக்கிறது என்றால், அதை விடாமல் எடையைச் சமாளிப்பதே சரியாக இருக்கும். அந்தக் கணக்கை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்துதான் போட வேண்டும்.

சொந்தமாக நிறுத்தினால் என்ன ஆகும்? இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் கரன்ட் அடித்ததுபோல் சுரீர் சுரீர் என்ற உணர்வு. பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் இரண்டிலும் இது கூடுதல். ஃப்ளூவாக்ஸெடின் உடம்பில் நெடுநாள் தங்குவதால் குறைவு. இதைத் தாங்கிக்கொண்டாலும், சில வாரங்களில் பழைய நோய் திரும்பும் அபாயம் இருக்கிறது. எடையும் உடனே இறங்கிவிடாது. நிறுத்துவதானால் வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், படிப்படியாக மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும். ஏற்கெனவே நிறுத்திவிட்டு மனம் இருண்டுபோய், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகட்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

எடை குறைக்கும் பொடிகள், காப்ஸ்யூல்கள் பற்றி இரண்டு வார்த்தை. பசியைக் குறைக்கும் சிபுட்ரமின் என்ற மருந்தை நம் நாட்டில் 2011இல் தடை செய்தார்கள். ஆனாலும் "முழுக்க மூலிகை" என்று விற்கும் பொருள்களில் அது கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. செரோடோனின் சார்ந்த மாத்திரையோடு அது சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு, படபடப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். குடம்புளிச் சாறு காப்ஸ்யூலால் கல்லீரல் பாதித்த செய்திகளும் மருத்துவ இதழ்களில் உள்ளன. மீன் குழம்பில் போடும் குடம்புளிக்கு இது பொருந்தாது. எந்தப் பொடியானாலும் உறையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மலமிளக்கி போட்டுக் குறைக்கும் எடை வெறும் தண்ணீர்தான்.

எடை ஏறுவதற்கெல்லாம் மாத்திரையே காரணமாக இருக்க வேண்டியதில்லை. தைராய்டு குறைந்தால் மனச்சோர்வும் வரும், எடையும் ஏறும். லித்தியமே தைராய்டைக் குறைக்கும். ஆகவே தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒருமுறையாவது அவசியம். மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது சேர்ந்திருந்தால் பெண்கள் சினைப்பை நீர்க்கட்டிக்கும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலும் எடை ஏறியபின்பும் பார்ப்பது நல்லது. மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் சர்க்கரை நோயின் வாசல், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நோய். ஒரே வாரத்தில் எடை கூடி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் அது கொழுப்பு இல்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணிகளும், சாப்பாட்டையும் எடையையும் பற்றியே நாள் முழுதும் நினைத்து வதைபடும் நோய் முன்பு இருந்தவர்களும் இங்கே சொன்ன கலோரிக் கணக்குகளைத் தாங்களாகப் போட வேண்டாம். அவர்களுக்கு எடை பார்ப்பதுகூட மருத்துவமனையில், எண்ணை அவரிடம் காட்டாமலேயே செய்யலாம்.

கடைசியாக, சுகாதாரத் துறைக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தப் பிரிவில் வரிசையில் நிற்கும்போதே எடை பார்த்துவிடுகிறார்கள். மனநலப் பிரிவிலும் அதே வழக்கம் வர வேண்டும். வாசலில் ஒரு தராசு, சுவரில் ஒரு உயர அளவு, ஒரு டேப். இதற்கு மேல் செலவில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்க நோயாளிக்குப் பதிலாக வீட்டார் மட்டும் வரும் வழக்கம் நிறைய இருப்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நோயாளியே வர வேண்டும் என்று சீட்டில் எழுதலாம். வர முடியாதவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்கள் எடையையும் குறித்துத் தரலாம். மருந்து கொடுக்கும் ஜன்னலில், மிர்டாசபினோ அமிட்ரிப்டிலினோ ஒலான்ஸபினோ எடுத்துக் கொடுக்கும்போது, "பசி அதிகமா வரும், எடை பாத்து எழுதிட்டு வாங்க, நீங்களா நிறுத்திடாதீங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
திருநெல்வேலி.